பயந்து ஒடுங்கும் நாயைத் தைரியப்படுத்துவது எப்படி: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வராத, கை நீட்டினால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், வாசல் மணி அடித்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும் நாயொன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதா? எங்கள் வீட்டுக்கு வந்த பெண் நாயும் அப்படித்தான் இருந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றுக்கொன்று முரணான அந்த யோசனைகளுக்கு நடுவே எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதற்குப் பணம் செலவழிப்பது என்று தெரியாமல் நீண்ட நாள் திண்டாடினோம். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கும் வேண்டாம் என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை அவற்றின் வரிசைப்படியே இங்கே எழுதுகிறேன்.

வரிசைக்குள் நுழையும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தான் பயப்படும் பொருளிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை நாய்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தூரத்தை அதற்கு ஏற்பாடு செய்து கொடுப்பது உங்கள் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் செய்துமுடிப்பதற்கான வழிகள்தாம்.

1. முதல் வேலை மருத்துவப் பரிசோதனை

பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மூட்டு வலி, பல் வலி, காதில் தொற்று, மங்கும் பார்வை, குறையும் செவித்திறன், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவை நாயைத் தொடுகைக்கும் ஓசைக்கும் அஞ்ச வைக்கக்கூடியவை. வளர்ந்த நாய்க்கு இதுவரை இல்லாத பயம் திடீரென்று தொடங்கினால், உடலில் ஏதோ வலி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. வலி தீராமல் செய்யும் பயிற்சி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பலன் தராது.

மருத்துவமனைக்குப் போவதே பயந்த நாய்க்குப் பெரும் சோதனை. கூட்டம் குறைந்த நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் அறையில் மற்ற நாய்களுக்கு நடுவே உட்காராமல், வெளியிலோ வண்டிக்குள்ளோ இருந்துவிட்டு, கூப்பிடும்போது உள்ளே போங்கள். மேசை மேல் தூக்கி வைக்காமல் தரையிலேயே பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள். பல மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். வீட்டில் குரைத்து ஓடும் நாய் மருத்துவமனையில் சிலையாக உறைந்து நிற்கும், அதைப் பார்ப்பவர்கள் "சாதுவான நாய்" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே வீட்டில் அது எப்படி இருக்கிறது என்பதைச் சிறு சிறு காணொளிகளாகக் கைப்பேசியில் எடுத்துச் சென்று காட்டுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

2. ஆவணங்களும் ஒரு குறிப்பேடும்

நாயை யாரிடமிருந்து பெற்றாலும் பின்வரும் தாள்களை முதல் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். நாட்கள் கடந்தால் பதில் கிடைப்பது அரிது. வெறிநோய்த் தடுப்பூசியும் மற்றத் தடுப்பூசிகளும் போட்ட தேதி கொண்ட அட்டை, குடற்புழு நீக்க மருந்து கொடுத்த விவரம், கருத்தடை அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதற்கான சான்று, மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் செலுத்தும், அடையாள எண் கொண்ட சிறு சில்லு) பொருத்தியிருந்தால் அதன் எண், நாயை உங்களிடம் ஒப்படைத்ததற்கான கையெழுத்திட்ட தாள் ஆகியவை அவை. உங்கள் உள்ளாட்சி நிர்வாகம் நாய்க்கு உரிமம் கேட்கும் என்றால், தடுப்பூசி அட்டை இல்லாமல் பெரும்பாலும் அந்த வேலை நகராது.

மைக்ரோசிப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் மின்கலம் இல்லை. நாய் இருக்கும் இடத்தை அது காட்டாது. யாராவது நாயைப் பிடித்து, அதற்குரிய கருவியால் வருடிப் பார்த்தால்தான் எண் தெரியும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் பழைய உரிமையாளரின் தொலைபேசி எண்ணே இருந்தால் நாய் உங்களிடம் திரும்பாது. எனவே பதிவை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

தாள்களோடு சில கேள்விகளுக்கும் பதில் எழுதி வாங்குங்கள். பிறந்த 3 வாரத்திலிருந்து 12 முதல் 14 வாரம் வரை அது எங்கே, யாரோடு இருந்தது? நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம் அதுதான். அப்போது மனிதர்களையோ தெருவையோ பார்க்காமல் வளர்ந்த நாய்க்குப் பின்னாளில் எல்லாமே புதிதாகத் தெரியும். யாரையாவது கடித்திருக்கிறதா, கடித்திருந்தால் எந்தச் சூழ்நிலையில்? இதற்கான பதிலை எழுத்தில் பெறுவது மிகவும் அவசியம். எங்கே தூங்கிப் பழகியது, எதை விரும்பிச் சாப்பிடும் என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். தேதி, நேரம், எதைக் கண்டு பயந்தது, அது எவ்வளவு தூரத்தில் இருந்தது, அந்த நேரத்தில் தின்பண்டத்தை எடுத்ததா, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன மீளும் நேரம்தான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. பயப்படுவது குறைவதற்கு வெகு முன்பே, பயத்திலிருந்து மீளும் நேரம் குறையத் தொடங்கிவிடும். எழுதி வைக்காவிட்டால் அந்த முன்னேற்றம் உங்கள் கண்ணில் படாமலே போய், எதுவும் மாறவில்லை என்று சோர்ந்துவிடுவீர்கள்.

3. பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது

முதலில் மருத்துவப் பரிசோதனை, அடுத்து கழற்றிக்கொண்டு ஓட முடியாத பட்டைகள், அதற்கடுத்து நல்ல தின்பண்டம் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். தின்பண்டச் செலவு மாதாமாதம் தொடரும் என்பதை முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த இறைச்சி, பாலாடைக்கட்டி போன்றவற்றைப் பட்டாணி அளவில் நறுக்கிக் கொடுத்தால் போதும். ஒரு நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த எதுவும் நாய்க்கு நஞ்சு.

அமைதியூட்டும் வாசனைத் தெளிப்பான், இறுக்கமான உடுப்பு, விலையுயர்ந்த படுக்கை ஆகியவற்றை முதல் மாதத்தில் வாங்க வேண்டாம். சில நாய்களுக்கு அவை ஓரளவு உதவலாம். ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது அதே தொகையை மருத்துவருக்கோ நல்ல பயிற்சியாளருக்கோ ஒதுக்குவதே சரி.

4. நழுவ முடியாத பட்டை

பயந்த நாய் காணாமல் போவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் நடக்கிறது. பின்னோக்கி ஒரே இழுப்பில் இழுத்து, தலையைக் குனிந்து, கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே மார்பில் ஆங்கில Y எழுத்தின் வடிவில் பிரிந்து வரும் ஹார்னஸ் (மார்பையும் உடலையும் சுற்றி அணியும் பட்டை) ஒன்றும், இழுத்தால் ஓர் அளவு வரை மட்டுமே இறுகி அதற்கு மேல் இறுகாத கழுத்துப்பட்டை ஒன்றும் ஆக இரண்டையும் சேர்த்தே அணிவியுங்கள். இரண்டிலும் தனித்தனியே கயிறு கோத்து ஒரே கையில் பிடியுங்கள். விலா எலும்புகளுக்குப் பின்னால் மூன்றாவது பட்டை வரும் ஹார்னஸ் கிடைத்தால் இன்னும் பாதுகாப்பானது. எந்தப் பட்டையின் அடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்வாக இருந்தால் நழுவும்.

தானாகச் சுருண்டுகொள்ளும் கயிற்றை வாங்கவே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் கைப்பிடி கை தவறி விழுந்தால், அது தடதடவென்று தரையில் உரசிக்கொண்டு நாயின் பின்னாலேயே வரும். நாயோ தன்னை ஏதோ துரத்துகிறது என்று எண்ணி மேலும் வேகமாக ஓடும். திறந்த வெளியில் 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறே போதும். அதை ஹார்னஸில் மட்டும் கோக்க வேண்டும், கழுத்தில் ஒருபோதும் கூடாது.

தப்பி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கத்தாதீர்கள், தேடுவதற்குக் கூட்டம் சேர்க்காதீர்கள். மிரண்டு ஓடும் நாய் சொந்தக்காரரிடமிருந்தும் விலகி ஓடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் படுக்கைத் துணியையும் உணவையும் வையுங்கள். கண்ணில் பட்டால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, உணவைச் சிதறிவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் காத்திருங்கள்.

5. முதல் வாரங்களில் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம்

மீட்கப்பட்ட நாய்களை வளர்ப்பவர்கள் நடுவே ஒரு தோராயக் கணக்கு உண்டு: சூழலின் அதிர்ச்சி அடங்க 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று உணர 3 மாதம். அதிகம் பயந்த நாய்க்கு ஒவ்வொரு கட்டமும் இதைவிட நீளும். இந்தக் காலத்தில் குளிப்பாட்டுவது, உறவினர்களை அழைத்துக் காட்டுவது, கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவது ஆகிய எதுவும் தேவையில்லை. வெளியே அழைத்துப் போனால்தான் பயம் தெளியும் என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், என்றாலும் அந்த யோசனையைக் கேட்க வேண்டாம்.

வீட்டின் அமைதியான மூலையில், பக்கங்கள் மூடிய, நாய் தானாகப் போய்வரக்கூடிய ஒரு மறைவிடம் அமையுங்கள். கதவு திறந்தே இருக்கும் கூண்டின்மேல் ஒரு துணியைப் போர்த்தினாலும் போதும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதிதான்: அந்த மறைவிடத்துக்குள் யாரும் கை விடக்கூடாது, குழந்தைகள் எட்டிப் பார்க்கக்கூடாது, நாயை அதிலிருந்து இழுத்து வெளியே எடுக்கக்கூடாது. உணவு, நடை, விளக்கணைப்பு எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வதே பயந்த நாய்க்குக் கிடைக்கும் முதல் ஆறுதல்.

நீங்கள் அதே அறையில், முதுகைக் காட்டியபடி, புத்தகத்தை மெல்லிய குரலில் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சற்றுத் தள்ளி அவ்வப்போது ஒரு தின்பண்டத் துண்டைப் போடுங்கள். எங்கள் நாய் முதன்முதலில் வெளியே வந்தபோது முன்கால்களை மட்டும் நீட்டி, கழுத்தை முடிந்த மட்டும் இழுத்து, பின்கால்களை மேசைக்கு அடியிலேயே ஊன்றிக்கொண்டு துண்டைக் கவ்வியது. வாய்க்குள் போன மறுகணமே உடல் முழுவதும் இழுத்து விட்ட வில்லின் நாண் போலப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து நான் அதன் முகத்தைவிடப் பின்கால்களைத்தான் கவனிக்கத் தொடங்கினேன். பின்பாதங்கள் முன்னோக்கி நகரும் நாளில்தான் அந்தத் தூரம் அதற்குச் சம்மதமாகிறது. அதுவரை துண்டை நீங்கள் ஓர் அங்குலம்கூட உங்கள் பக்கம் நகர்த்தக் கூடாது.

எல்லா உணவையும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பாசம் வரும் என்று ஒரு யோசனை உங்களுக்கும் வந்து சேரும். பசியையும் பயத்தையும் மோதவிடுகிற வழி அது. சாப்பாட்டுத் தட்டு எப்போதும் நாய் பாதுகாப்பாக உணரும் இடத்தில், யாருடைய நிபந்தனையும் இல்லாமல் இருக்கட்டும்.

6. பயத்தை உடலில் படித்தல்

வாலை இடுக்குவதும் நடுங்குவதும் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு முன்பே தோன்றும் சிறிய அறிகுறிகளைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் பயிற்சியின் வெற்றி இருக்கிறது. உணவு இல்லாதபோது மூக்கை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, வெயில் இல்லாதபோது மூச்சிரைப்பது, ஒரு முன்காலைத் தூக்கி நிற்பது, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள்மேல் வைப்பதால் விழியின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, நனையாமலே உடலை உதறுவது, தின்பண்டத்தை வழக்கத்தைவிட வெடுக்கென்று பிடுங்குவது ஆகியவை அவற்றுள் சில. திடீரென்று அசையாமல் நிற்பதை அமைதி என்று எண்ணிவிடாதீர்கள். ஆபத்து மிகுந்த அறிகுறி அதுதான்.

உறுமலைத் தண்டிக்காதீர்கள். "இதற்கு மேல் வராதே" என்று நாய் சொல்லும் வழி உறுமல். அதை அடக்கிவிட்டால் பயம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும். பிறகு அந்த நாய் உறுமாமலே கடிக்கும்.

7. தூரமும் தின்பண்டமும்

முழுப் பயிற்சியிலும் முதுகெலும்பான படி இது. அவசரமில்லாமல் படியுங்கள்.

நாய் எதற்குப் பயப்படுகிறது என்று பட்டியலிட்டு, அவற்றில் மிகச் சிறிய பயத்தைத் தேர்ந்தெடுங்கள். தொப்பி போட்ட அந்நியர் என்று வைத்துக்கொள்வோம். அவரை நாய் பார்க்கிறது, ஆனாலும் உடல் தளர்வாக இருக்கிறது, தின்பண்டத்தை மென்மையாக எடுக்கிறது, உங்களைத் திரும்பிப் பார்க்க முடிகிறது என்ற நிலை எந்தத் தூரத்தில் கிடைக்கிறதோ அதுதான் தொடக்கப் புள்ளி. சில நாய்களுக்கு அது 10 மீட்டராக இருக்கும், சிலவற்றுக்குத் தெருவின் மறுகோடியாக இருக்கும். எவ்வளவு தொலைவானாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி வரிசை முக்கியம். முதலில் நாய் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும். பார்த்த ஓரிரு நொடிக்குள் உங்கள் கையிலிருந்து மிகச் சிறந்த தின்பண்டம் வர வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அவர் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். நாய் எதையும் செய்து காட்டத் தேவையில்லை. உட்காரவும் வேண்டாம், உங்களைப் பார்க்கவும் வேண்டாம். "அவர் வந்தால் இறைச்சி வருகிறது, அவர் போனால் நின்றுவிடுகிறது" என்ற தொடர்பு மட்டும் பதிய வேண்டும். தின்பண்டப் பையைத் திறந்த பிறகு அந்நியர் தோன்றினால் தொடர்பு தலைகீழாகிவிடும். பை திறக்கும் ஓசையே வரப்போகும் ஆபத்துக்கு அறிகுறி என்று நாய் கற்றுக்கொள்ளும். ஆகவே தின்பண்டத்தை முன்பே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையை வெறுமையாக வைத்திருங்கள்.

பல முறை இப்படி நடந்த பின் ஒரு நாள், அந்நியரைப் பார்த்ததும் நாய் தானாக முகத்தைத் திருப்பி உங்களை நோக்கும். காதுகள் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்கும். தொடர்பு பதிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அதன் பிறகே தூரத்தைச் சிறிது குறைக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நெருங்குவது, அசைவது, பேசுவது, ஒருவர் இருவராவது, பார்க்கும் நேரம் நீள்வது என ஒவ்வொன்றும் தனித்தனிச் சுமை. நின்றுகொண்டிருந்தவர் நடக்கத் தொடங்கினால் நீங்கள் இரண்டு மூன்று மீட்டர் பின்வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். நாய் நன்றாகச் செய்கிறதே, இன்னும் ஒரு முறை பார்ப்போம் என்று ஆசை தோன்றும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

தின்பண்டத்தை எடுக்க மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். தூரம் போதவில்லை என்றே பொருள். உடனே விலகிப் போங்கள். இதற்காகவே, பயமில்லாத நேரத்தில் வீட்டுக்குள் ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள்: "வா போகலாம்" என்று உற்சாகமாகச் சொல்லித் திரும்பி நடந்து, கூட வந்ததும் தின்பண்டம் கொடுங்கள். தெருவில் எதிர்பாராமல் நாயொன்று திருப்பத்தில் தோன்றும்போது இந்தப் பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

ஒரே நாளில் பயங்கள் அடுக்கடுக்காகச் சேரும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். காலையில் குப்பை வண்டியின் ஓசை, மதியம் வீட்டுக்கு வந்த விருந்தாளி, மாலையில் எதிரே வந்த நாய் என்று மூன்றும் தனித்தனியாகத் தாங்கக்கூடியவையாக இருந்தாலும், மூன்றாவதில் நாய் வெடித்துவிடும். பெரிய பயம் ஒன்றுக்குப் பிறகு உடல் அடங்க மணிக்கணக்கில் ஆகும். மறுநாளும் நாய் எளிதில் மிரளக்கூடும். அன்று பயிற்சி வேண்டாம், வெளி நடையையும் குறைத்துக்கொண்டு, வீட்டில் மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து ஓய்வெடுக்க விடுங்கள்.

இந்தப் படியில் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, அந்நியரின் கையில் தின்பண்டத்தைக் கொடுத்து நாயை அவர் அருகே வரவழைப்பது. ஆசையால் நெருங்கிய நாய் துண்டு தீர்ந்ததும் நிமிர்ந்து பார்க்கும்; தான் அஞ்சும் மனிதர் மிக அருகில் இருப்பார்; கடி பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் விழும். இரண்டாவது, "பழகட்டும்" என்று கூட்டத்துக்கு நடுவே பிடித்து நிறுத்துவது. நாய் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். எதிர்த்துப் பயனில்லை என்று கைவிட்ட அடக்கம் அது, அடுத்த முறை பயம் கூடித் திரும்பும். மூன்றாவது, பயந்த நாயை ஆறுதல்படுத்தினால் பயம் வளரும் என்ற பழைய நம்பிக்கை. பயம் என்பது நாய் வேண்டுமென்றே செய்யும் செயலன்று. எனவே ஆறுதல் அதற்குப் பரிசாக அமைந்து அதை வளர்க்க முடியாது. உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

8. விருந்தாளிகளும் தொடுதலும்

வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: பார்க்காதீர்கள், பேசாதீர்கள், கை நீட்டாதீர்கள். நீட்டிய கையை மோப்பம் பிடிக்கக் கொடுப்பது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள், பயந்த நாய்க்கு அது தன்னை நோக்கி வரும் ஒரு கைதான். விருந்தாளி உட்கார்ந்தபடியே தின்பண்டத்தை நாய்க்குப் பின்புறம் விழுமாறு வீசட்டும். நாய் பின்வாங்கிப் போய் எடுக்கும். பிறகு தன் விருப்பத்தில் மீண்டும் சற்று முன்னே வரும். மறுபடியும் பின்னால் வீசட்டும். நெருங்குவதற்கும் விலகுவதற்கும் இரண்டுக்குமே பலன் கிடைப்பதால் நாய்க்குள் இருக்கும் இழுபறி தளர்கிறது.

நீங்கள் தொடத் தொடங்கும்போது தலைக்கு மேலிருந்து தொடாமல் மார்பிலோ தோளிலோ 3 நொடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது உங்கள் பக்கம் சாய்ந்தால் இன்னொரு 3 நொடி தொடரலாம். அசையாமல் நின்றாலோ மூக்கை நக்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

கடிக்கும் வாய்ப்பு உள்ள நாய் என்றால் கூடை வடிவ வாய்மூடியை இப்போதே பழக்குங்கள். வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அதற்குள் இடம் இருக்க வேண்டும்; இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடி நடைக்கு உதவாது. மூடியின் உள்ளே தின்பண்டம் வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கப் பல நாள் பழகிய பிறகே வாரைப் பூட்ட வேண்டும்.

9. தைரியம் வளர்க்கும் விளையாட்டுகள்

பயத்தைக் குறைப்பதோடு, தன்னால் முடியும் என்ற அனுபவத்தையும் நாய்க்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மோப்ப விளையாட்டைப்போல எளிதானது வேறில்லை. காலி அட்டைப் பெட்டிகள் சிலவற்றைத் தரையில் பரப்பி, ஒன்றில் மட்டும் தின்பண்டத்தைப் போட்டு, நாயை விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடுங்கள். வழிகாட்டாதீர்கள். ஷார்லட் டுராண்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி செய்த வீட்டு நாய்கள், உரிமையாளரோடு இணைந்து நடக்கப் பயிற்சி பெற்ற நாய்களைவிட, நல்லதா கெட்டதா என்று தெளிவில்லாத சூழ்நிலையை நம்பிக்கையோடு அணுகின. பயந்த நாய்க்கு வேண்டியது இந்த மனநிலைதான்.

உள்ளங்கையை நீட்டினால் மூக்கால் தொடுவது இன்னொரு நல்ல விளையாட்டு. நெருங்குவதா வேண்டாமா என்பது முழுக்க நாயின் கையில் இருப்பதால் அதன் தயக்கம் விரைவில் குறைகிறது. பிறகு தரையில் ஒரு மரப்பலகை, சரசரக்கும் தாள், தாழ்வான படி என்று புதிய பரப்புகளை வைத்து, ஏறினாலும் ஏறாவிட்டாலும் பரவாயில்லை என்று விடுங்கள். பாதத்தை வைத்துப் பார்த்தாலே பாராட்டுக்குரியது.

10. ஓசைகளுக்கான பயம்

நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நம்முடையது 20,000 வரைதான். ஆகவே காரணமில்லாமல் மிரள்கிறது என்று முடிவு செய்வதற்கு முன், புகை எச்சரிக்கைக் கருவியின் மின்கலம் தீர்ந்து கீச்சிடுவது போன்ற சிறு ஓசைகளையும் தேடிப் பாருங்கள்.

இடியோசைக்கும் வெடியோசைக்கும் அஞ்சும் நாய்க்குப் பதிவு செய்த ஓசையை, அது காதை மட்டும் லேசாகத் திருப்பும் அளவு மெதுவாக ஒலிக்கவிட்டு, ஓசைக்குப் பின் தின்பண்டம் என்ற அதே வரிசையில் பழக்கலாம். இதை இடியோ வெடியோ வரும் பருவம் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே செய்ய வேண்டும். பருவத்துக்கு நடுவில் தொடங்கினால் பயன் குறைவு. உண்மையான இடியின் அதிர்வும் மின்னலும் காற்றழுத்தமும் ஒலிபெருக்கியில் வராது என்பதால் இதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. இடி முழங்கும்போது திரைச்சீலைகளை மூடி, மின்விசிறியை ஓடவிட்டு, மறைவிடத்துக்கு வழி திறந்துவைத்து, ஒவ்வொரு முழக்கத்துக்குப் பின்னும் ஒரு துண்டைப் போடுங்கள்.

11. மருந்தைக் கடைசி வழியாக வைத்திருக்காதீர்கள்

எந்தத் தூரத்திலும் தின்பண்டத்தை எடுக்காத, இரவெல்லாம் தூங்காமல் உலவுகிற, மறைவிடத்தை விட்டு வெளியே வந்து சிறுநீர் கழிக்கக்கூட முடியாத நாய்க்குப் பயிற்சி மட்டும் போதாது. அதன் மூளை கற்கும் நிலையில் இல்லை. இப்படிப்பட்ட நாய்களுக்கு மருத்துவர்கள் ஃப்ளூஆக்செட்டின், க்ளோமிப்ரமின் போன்றவற்றைத் தினசரி மருந்தாக எழுதுகிறார்கள். முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். முதல் வாரத்தில் மாற்றம் இல்லையே என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டிராசோடோன், காபாபென்டின் போன்றவை மருத்துவமனைப் பயணம், வெடி இரவு போன்ற குறிப்பிட்ட நேரங்களுக்கு, ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பாகக் கொடுக்கப்படுபவை. அந்த நாளுக்கு முன்பே, வீட்டில் அமைதியான ஒரு நாளில் மருத்துவரின் அனுமதியோடு ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

மனிதர்களுக்கான மருந்தை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான காபாபென்டின் திரவ மருந்தில் நாய்க்கு நஞ்சான சைலிட்டால் சேர்ந்திருக்கக்கூடும். அசிப்ரோமசின் என்ற மருந்தை மட்டும் தனியாக எழுதினால் விளக்கம் கேளுங்கள். அது உடலை அசையவிடாமல் மயக்கத்தில் ஆழ்த்தும், உள்ளே இருக்கும் பயத்தைப் போக்காது.

12. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. எங்களிடமும் ஒருவர், கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்தால் சில நாட்களில் சரியாகிவிடும் என்று உறுதியளித்தார். நாங்கள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன நடக்கும்? தவறாகச் செய்தால் என்ன நடக்கும்? பயந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு இழுப்பு, முள் பட்டை, மின்னதிர்ச்சிப் பட்டை, தண்ணீர் பீய்ச்சுதல் என்று பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், வெகுமதி சார்ந்த முறைகளையே எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிந்துரைத்து, நடத்தைச் சிக்கல் உள்ள நாய்களுக்கும் வலியும் அச்சமும் தரும் முறைகள் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நாயைச் சில வாரம் தங்களிடம் விட்டுச் செல்லச் சொல்லும் பயிற்சி நிலையங்கள் பயந்த நாய்க்கு ஏற்றவை அல்ல. அங்கே நடப்பதை நீங்கள் பார்க்க முடியாது. உங்கள் வாசல், உங்கள் தெரு, உங்கள் விருந்தாளி என்று அது பயப்படும் எதுவும் அங்கே இருக்காது. "நூறு சதவீத உத்தரவாதம்" என்ற சொல்லைக் கேட்டாலே விலகுங்கள். முதல் சந்திப்புக்கு நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் போய், அவர் வேறொரு நாயைப் பழக்குவதைப் பாருங்கள். அந்த நாயின் வாலும் காதும் உங்களுக்கு வேண்டிய பதிலைச் சொல்லும்.

13. எவ்வளவு காலம் ஆகும்

மாதங்களில் கணக்கிடுங்கள், சில பயங்களுக்கு ஆண்டுகளிலும். குட்டிப் பருவத்தில் உலகத்தையே பார்க்காத நாய் எல்லோரிடமும் ஓடிச் சென்று வாலாட்டும் நாயாக மாறாமலே போகலாம். வீட்டாரோடு நிம்மதியாக, தெரிந்த பாதையில் தளர்ந்த உடலோடு நடக்கும் நாயாக மாறினால் அதுவே அதற்கு நிறைவான வாழ்க்கை. 6 மாதம் முதல் 18 மாதம் வரையிலான வளர்பருவத்தில், பழகிய பொருளுக்கே திடீரென்று மறுபடி பயப்படுவது சகஜம். அப்போது தூரத்தை மீண்டும் கூட்டி, பழைய படிக்கு இறங்கிப் பயிற்சி செய்யுங்கள். முதல் முறை ஆன அளவு காலம் இரண்டாம் முறை ஆகாது.

மாதம் ஒரு முறை குறிப்பேட்டை எடுத்து மீளும் நேரத்தையும் தூரத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் இரண்டும் அசையவில்லை என்றாலோ, அதற்கிடையே உறுமல் கடிக்கும் முயற்சியாக மாறினாலோ, விலங்கு நடத்தையில் தனிப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு, காத்திருப்பு நீளும். ஆகையால் ஐயம் தோன்றிய வாரத்திலேயே நேரம் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். அருகில் யாரும் இல்லையென்றால், உங்கள் வழக்கமான மருத்துவர் மூலம் தொலைவிலிருந்து ஆலோசனை தருபவர்களும் உண்டு. போகும்போது தடுப்பூசி அட்டை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும், பழைய உரிமையாளர் எழுதிக் கொடுத்த பதில்கள், காணொளிகள், குறிப்பேடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். ஆலோசனைக் கட்டணம் பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது என்பதால், அந்தக் கோப்பை இரண்டு நாள் முன்பே அனுப்பி வைக்க முடிந்தால், விவரம் சொல்வதில் செலவாகும் நேரம் மிஞ்சி நாயைப் பார்ப்பதற்குக் கிடைக்கும்.